மூன்று ஒழலப்பதி

பிவட் டேபிளைத் திறந்ததும்
மூன்று ஒழலப்பதிகள் வந்து நின்றன.
ஒன்று ஒற்று மிகாமல்,
ஒன்று ளகரத்தில்,
மூன்றாவது பார்வைக்குச் சரியாகவே இருந்தும்
பெயரின் வாலில் கண்ணுக்குத் தெரியாத ஓர் இடைவெளி.
எக்செல்லுக்கு அது வேறு ஊர்.
அங்கே பதினேழு குடும்பங்கள்
தனியாக வாழ்ந்துகொண்டிருந்தன.

கொழிஞ்சாம்பாறையில், உரக்கடைக்கு மேலே,
யூரியா வாடை ஏறிவரும் அறையில்
அறுநூற்றுப் பன்னிரண்டு படிவங்கள்.
மாலை ஐந்துக்குள் பாலக்காட்டுக்கு அனுப்ப வேண்டும்.
பிரசீதா மலையாளத்தில் நிரப்பியவை,
குழந்தைதெரசு தமிழில் நிரப்பியவை,
இருவரும் பேசிக்கொள்ளாத மூன்று நாட்களில்
யாரோ ஆங்கிலத்தில் நிரப்பியவை.

ஒரு வீட்டுக்கு ஒரு நாளைக்கு எத்தனை குடம்?
எருத்தேன்பதி நூற்று நாற்பத்தொன்று என்றது.
நூற்று நாற்பத்தொரு குடமா!
ஒரு கணம் மகிழ்ந்தும் போனேன்.
பிறகு பார்த்தால் அது கூட்டலும் இல்லை, சராசரியும் இல்லை,
வெறும் எண்ணிக்கை;
குடங்களை விட்டுவிட்டு
கதவு திறந்தவர்களை எண்ணியிருக்கிறது.
ஏனென்றால் ஒரே ஒரு கட்டத்தில்
எண் இருக்கவேண்டிய இடத்தில்
"லாரி வந்தா நாலு" என்று இருந்தது.
ஒரு சொல் போதும்,
மொத்த நிரலும் கணக்கை மறந்துவிடுகிறது.
வந்தாவை அழித்தேன், லாரியை அழித்தேன்,
நாலை 4 ஆக்கினேன்.
சராசரி வந்தது: ஆறு புள்ளி மூன்று.
லாரி எல்லா நாளும் வந்துவிட்டது.

ஜோமோன் சார் அழைத்தார்.
"தமிழ் வீட்டுக்கும் மலையாள வீட்டுக்கும் வித்யாசம் உண்டோ?"
மொழியை இழுத்து மேலே போட்டேன்,
ஊரை இழுத்துப் பக்கத்தில் போட்டேன்.
உண்டு, ஒன்றரைக் குடம்.
அவர் குரலில் ஒரு தலைப்புச் செய்தி எழுந்து உட்கார்ந்தது.
ஆனால் சார், போர்வெல் ஆழத்தையும் உள்ளே வைத்தால்
அந்த ஒன்றரை காணாமல் போகிறது;
எழுநூறு அடிக்குக் கீழே போனவர்களுக்கெல்லாம்
ஒரே வறட்சிதான், எந்த மொழியில் கேட்டாலும்.
சற்று நேரம் வண்டிச் சத்தம் மட்டும் கேட்டது.
"எங்கில் ஆழம் வேண்டா" என்றார்.

அதைக் கேட்டுக்கொண்டே
ஒரு கட்டத்தில் தனியாக இருந்த ஒன்றின் மேல்
இரண்டு முறை சொடுக்கினேன்.
ஊர்: அந்த இடைவெளி விழுந்த ஒழலப்பதி.
மொழி: வெற்று.
எண்ணைத் தட்டினால் ஆள் வெளியே வருவார்.
இந்த மென்பொருளில் எனக்குப் பிடித்தது அதுதான்,
பயமும் அதுதான்.
புதுத்தாள் விரிந்தது. ஒரே வரி.
மயிலாத்தாள், வயது 58,
ஆழம் 910, குடம் 0.
மொழி ஏன் வெற்று என்று படிவத்தைத் தேடி எடுத்தேன்:
"வீட்டுல தமிழ், ரேஷன் கடையில மலையாளம்,
மாட்டுக்கிட்ட தெலுங்கு."
மூன்றுக்கும் ஒரே கட்டம்தான் இருந்தது,
தட்டச்சு செய்தவர் தாண்டிப் போயிருக்கிறார்.
ஓரத்தில் குழந்தைதெரசின் சாய்ந்த கையெழுத்து:
வெயிலில் போனோம், ரெண்டு டம்ளர் தண்ணி கொடுத்தாங்க.

பூஜ்யத்திலிருந்து இரண்டு டம்ளர்.
எந்த நிரலில் வைப்பது?

நான்கு ஐம்பதுக்கு ஊர்ப் பெயர்களைத் திருத்தினேன்.
'புதுப்பி'யை அழுத்தியதும்
மூன்று ஒழலப்பதியும் ஒன்றாயின,
பதினேழு வீடும் வந்து சேர்ந்தன;
அவருடைய ஒன்று, மற்ற வெற்றுகளோடு கூடி
ஐந்தாகிவிட்டது.
ஆழத்தை நீக்கவில்லை,
எடுத்துக் காட்டவும் தைரியம் இல்லை.
கூட்டல் குறிக்குள் மடக்கி வைத்தேன்,
யாராவது அழுத்தினால் திறக்கும்.

அனுப்பிய பிறகுதான் கவனித்தேன்,
பெயர் வைக்காத அந்த ஏழாம் தாளும்
கோப்போடு போயிருக்கிறது.
கீழே யாரோ யூரியா மூட்டைகளைச் சத்தமாக எண்ணினார்கள்,
பதினொன்றில் நிறுத்தி
முதலிலிருந்து தொடங்கினார்கள்.